தொலைவும் பொழுதும்

சென்னையின் தென்புறத்தில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி அமைந்த ஊர் நாவலூர். அவ்வூரில் நின்று, "விமான நிலையம் இங்கிருந்து எவ்வளவு தொலைவு?" என்று வினவினால், "காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம்" என்றுதான் பெரும்பாலும் விடை கிடைக்கும். தொலைவைக் கேட்டவருக்குப் பொழுதைச் சொல்லும் இவ்வழக்கம் புதியதன்று. நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு நாழிகைப் பொழுதில் நடந்து கடக்கும் வழியை நம் முன்னோர் 'நாழிகைவழி' என்றே அழைத்தனர். ஏழு நாழிகைவழி ஒரு காதம். அது ஏறத்தாழப் பத்து மைல் என்பது அகராதி தரும் கணக்கு. வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஐந்தே முக்கால் கிலோமீட்டர் வருகிறது. கைவீசி நடக்கும் வலிய கால்களின் விரைவு அது.

நடையே பயணமாக இருந்தவரை தொலைவும் பொழுதும் பிரியாமல் இருந்தன. விமானம் அவ்விரண்டையும் பிரித்துவிட்டது. இரு நகரங்களுக்கு இடையிலான வான்வழித் தொலைவு மாறாத ஓர் எண். அத்தொலைவைக் கடக்கும் நேரமோ திசைக்குத் திசை, திங்களுக்குத் திங்கள் மாறுகிறது. வீட்டு வாசலிலிருந்து கணக்கிடத் தொடங்கினால் அது தெருவுக்குத் தெருவும் மாறும். அந்த மாறா எண்ணை மனிதர் எவ்வாறு கண்டறிந்தனர், மாறும் எண் ஏன் மாறுகிறது என்னும் இரு வினாக்களுக்கும் நாவலூரின் சுற்றுப்புறத்திலிருந்தே விடை காணலாம்.

பெரும்பாக்கம் குன்று

நாவலூருக்கும் மீனம்பாக்கம் விமான நிலையத்திற்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 17 கிலோமீட்டர். சாலை வழியே செல்வோர் அதைவிட ஆறேழு கிலோமீட்டர் மிகுதியாகச் செல்ல வேண்டும். இடையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பரந்து கிடப்பது இதற்கு ஒரு காரணம். ஒன்று, சோழிங்கநல்லூரில் திரும்பி மேடவாக்கம் வழியாகச் சதுப்பைச் சுற்ற வேண்டும். இல்லையேல் வடக்கே துரைப்பாக்கம்வரை சென்று, அதன் ஊடே போடப்பட்ட பல்லாவரம் சாலையைப் பிடிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டில் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இச்சதுப்பின் நீரும் நாணலும் பறவைகளும் பறந்து செல்பவருக்குத் தடையல்ல.

இதே நிலப்பரப்பில்தான் இந்தியத் துணைக்கண்டத்தின் தொலைவுகளை அளக்கும் பெரும்பணி தொடங்கியது. வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயப் படை அலுவலர் 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் பறங்கிமலைக்கு அருகிலுள்ள சமவெளியில் தம் அளவைச் சங்கிலியை விரித்தார். தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏழரை மைல், அதாவது ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளப்பது அவர் நோக்கம். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி, இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது கொண்டது. அதனை வெறுந்தரையில் இழுத்துச் செல்லவில்லை. மரப்பெட்டிகளை மட்டம் பார்த்து வரிசையாக நிறுத்தி, அவற்றுள் சங்கிலியைக் கிடத்தி, வெப்பமானியை உடன்வைத்து அளந்தனர். சென்னையின் கோடை வெயிலில் எஃகு நீளும். நீண்ட சங்கிலி தொலைவைக் குறைத்துக் காட்டும். ஆகவே ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்து, நீட்சியைக் கணக்கிட்டுத் திருத்தினர். இவ்வாறு நானூறு முறை சங்கிலி கிடத்தப்பட்டது. இன்று பேருந்தில் அரை மணியில் கடக்கும் வழியை அளந்து முடிக்க வாரங்கள் பல ஆயின.

ஒரு கோட்டை இத்துணைப் பாடுபட்டு அளந்தது, பிற கோடுகளை அளக்காமலே அறிவதற்காக. முக்கோணத்தின் ஒரு பக்கமும் அப்பக்கத்தின் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். அவ்வாறு கணித்த பக்கம் அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடாகும். குன்றிலிருந்து குன்றுக்கும், கோபுரத்திலிருந்து கோபுரத்திற்கும் பார்வைக்கோடு செலுத்தி, ஆறும் காடும் வயலும் குறுக்கிட்டபோதும் முக்கோணங்களைத் தொடுத்துச் சென்றனர். மாபெரும் முக்கோணவியல் நில அளவை எனப்பட்ட இப்பணி பின்னர் இமயம்வரை நீண்டது.

தமிழ்நாட்டின் சமவெளி அளவையாளருக்கு எளிதாக இருக்கவில்லை. குன்றில்லா இடத்தில் உயரம் தேட வேண்டியிருந்தது. 1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மீது, அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானியைக் கயிறு கட்டி ஏற்றினர். கயிறு அறுந்தது. கருவி கற்சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டம் நெளிந்தது. வேறொருவராயின் புதிய கருவி வேண்டி இங்கிலாந்துக்கு எழுதிவிட்டு ஓராண்டு காத்திருந்திருப்பார். லாம்டனோ கூடாரத்துக்குள் அமர்ந்து, வாரக்கணக்கில் அவ்வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்துத் தட்டிப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். அயலாட்சி தன் நலனுக்காக நடத்திய அளவைதான் அது. வரி தண்டவும் படை நடத்தவும் அந்த வரைபடங்கள் பயன்பட்டன. எனினும் அந்தப் பொறுமையை வியக்காமல் இருக்க இயலவில்லை.

உருண்டையின் மேல் ஒரு நேர்கோடு

லாம்டனுக்கு மற்றொரு நோக்கமும் இருந்தது. புவியின் வடிவத்தை அறிய, ஓர் அட்சப்பாகைக்கு நிலத்தில் எத்துணை நீளம் என்று அவர் அளந்தார். புவி முழு உருண்டையன்று. துருவங்களில் சற்றே தட்டையானது. நிலநடுக்கோட்டருகே ஓர் அட்சப்பாகை ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7 கிலோமீட்டர். வேறுபாடு சிறிது, ஆயினும் கண்டங்களுக்கிடையே தொலைவைக் கணிப்போர் அதனைப் புறக்கணிப்பதில்லை. விமானிகள் இன்றும் தொலைவைக் கடல் மைலில்தான் குறிக்கின்றனர். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு புவிப்பரப்பில் கொள்ளும் நீளமே கடல் மைல். இன்று அது 1,852 மீட்டர் என வரையறுக்கப்பட்டுள்ளது.

உருண்டையின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி, பெருவட்டத்தின் வில். உருண்டையின் மையத்தின் வழியே வெட்டினால் விளிம்பில் தோன்றும் வட்டமே பெருவட்டம். சென்னை, சிங்கப்பூர் ஆகிய இரு விமான நிலையங்களின் அட்ச, தீர்க்கப் பாகைகளைக் கொண்டு கணக்கிட்டால், புவிமையத்தில் அவை தாங்கும் கோணம் ஏறத்தாழ 26.3 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் எனக் கொண்டு பெருக்கினால் சற்றேறக்குறைய 2,900 கிலோமீட்டர் கிடைக்கிறது. நாம் நாடிய மாறா எண் இதுவே.

நாவலூர், சிறுசேரிப் பகுதிகளில் பணிபுரியும் மென்பொருளாளருக்கு நன்கு அறிமுகமான நகரம் சான்பிரான்சிஸ்கோ. தட்டையான வரைபடத்தில் சென்னைக்கும் அதற்கும் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தால் அது பசிபிக் பெருங்கடலின் நடுவே செல்லும். பள்ளியிலுள்ள பூகோள உருண்டையில் ஒரு நூலை இரு நகரங்களிலும் வைத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே ஏறிச் சீனத்தைக் கடந்து, சைபீரியாவின் வடகிழக்குப் பகுதியையும் அலாஸ்காவையும் தழுவிச் சென்று இறங்கும். அதன் உச்சி ஏறத்தாழ 69 பாகை வட அட்சத்தைத் தொடும். கடற்காற்று வீசும் ஓரூரிலிருந்து கடற்காற்று வீசும் மற்றோரூருக்குக் குறுக்குவழி பனிநாட்டின் வழியே போகிறது!

காற்றின் கணக்கு

2,900 கிலோமீட்டரை மணிக்கு 850 கிலோமீட்டர் செல்லும் விமானம் கடக்க மூன்று மணி இருபத்தைந்து நிமிடங்கள் போதும். ஆனால் சென்னை–சிங்கப்பூர் கால அட்டவணை நான்கு மணி நேரத்திற்கு மேல் காட்டுகிறது. விமானம் நிற்குமிடத்தை விட்டு நகரத் தொடங்கும் நொடி முதல், இறங்கிய நிலையத்தில் ஓய்ந்து நிற்கும் நொடி வரையிலான நேரத்தையே அட்டவணை கணக்கில் கொள்கிறது. ஓடுபாதைவரை ஊர்தல், முறைக்குக் காத்திருத்தல், உயரம் ஏறுதல், இறங்குமுன் விரைவு குறைத்தல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இதனால்தான் தொலைவு பாதியானால் நேரம் பாதியாவதில்லை. குறுந்தொலைவுப் பயணத்தில் இச்செலவின் பங்கு கூடுகிறது.

அடுத்தது காற்று. விமானம் நிலத்தின்மேல் செல்வதில்லை, காற்றினுள் செல்கிறது. காற்று ஆறுபோல் ஓடுகிறது. "புவி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறதே, மேற்கு நோக்கிப் பறந்தால் ஊர் நம்மை நோக்கி வந்துவிடாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. வாராது. புவியுடன் வளிமண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. ஓடும் தொடர்வண்டிக்குள் பறக்கும் ஈ, வண்டியின் விரைவால் பின்சுவரில் மோதுவதில்லை அல்லவா! வேறுபாட்டை உண்டாக்குவது புவிச்சுழற்சியன்று. மேலடுக்கில் வீசும் ஜெட் காற்றோட்டங்களே. நடு அட்சப் பகுதிகளில் இவை மேற்கிலிருந்து கிழக்கே வீசுகின்றன. அதனால்தான் சென்னையிலிருந்து இலண்டன் செல்ல ஆகும் நேரத்தைவிடத் திரும்பி வர ஆகும் நேரம் குறைவாக இருக்கிறது.

தென்னிந்தியாவின் வானத்திற்கோ தனி இயல்பு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், தரையருகே மேற்கிலிருந்து காற்று வீசும்போது, பதினான்கு பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு நேரெதிராகக் கிழக்கிலிருந்து ஒரு பெருங்காற்று வீசுகிறது. இந்தக் கீழைக் காற்றோட்டத்தை இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீசுவரம் 1958ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை உலகுக்கு விளக்கியது. அதன் மையப்பகுதி ஏறத்தாழச் சென்னையின் அட்சத்தை ஒட்டியே அமைகிறது. மீனம்பாக்கத்தில் வானிலைத் துறையினர் நாள்தோறும் பறக்கவிடும் பலூன்கள் இன்றும் மேற்காற்றை அளந்து சொல்கின்றன. பயணிகள் விமானம் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்திலும் அக்காற்றின் விளிம்பு உணரப்படும். அது மணிக்கு 70 கிலோமீட்டர் விரைவில் வீசுவதாகக் கொள்வோம். சிங்கப்பூர் செல்லும் விமானம் நிலத்தளவில் 780 கிலோமீட்டர் விரைவே பெறும். திரும்பும் விமானமோ 920 பெறும். முன்னதற்கு மூன்று மணி நாற்பத்து மூன்று நிமிடம். பின்னதற்கு மூன்று மணி ஒன்பது நிமிடம். ஒரே தொலைவு, அரை மணிக்கு மேல் வேறுபாடு.

காற்றறிந்து பயணம் செய்வது தமிழர்க்குப் புதிதன்று. கரிகாலனின் முன்னோர் காற்றின் இயல்பை அறிந்து கலம் செலுத்தியதைப் புறநானூற்றின் 66ஆம் பாடல் பேசுகிறது. பிற்காலத்தில் நீராவிக் கப்பல் காற்றைப் பொருட்படுத்தாமல் சென்றபோதும், பொழுதைப் பெரிதும் சுருக்கவில்லை. 1926 முதல் 1970களின் தொடக்கம்வரை சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூருடன் இணைத்த 'ரஜூலா' கப்பலில் அப்பயணம் ஒரு வார அளவு நீடித்தது. தோட்டத் தொழிலாளரும் வணிகரும் அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக் கடல் கடந்தனர். ஒரு வாரம் நான்கு மணி நேரமாகக் குறைந்ததில், ஊருக்கு வந்து போக முடியாமற்போன தலைமுறைக்கும் பொங்கலுக்கு வந்து திரும்பும் தலைமுறைக்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது.

கடிகாரம் காட்டும் மயக்கம் ஒன்றும் உண்டு. காலை பத்து மணிக்குச் சென்னையில் புறப்பட்டு நான்கே கால் மணி நேரம் பறந்தவர், சிங்கப்பூரில் இறங்கும்போது அங்குள்ள கடிகாரம் மாலை நாலே முக்கால் காட்டும். அந்நாட்டு நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. நம் நேரமும் என்றும் இருந்ததன்று, 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டைக் கொண்டு 1906இல் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வருமுன், நாட்டின் இருப்புப்பாதைகள் சென்னை வானாய்வகத்தின் நேரத்தைப் பின்பற்றின. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்திய அந்நேரம், 'சென்னை நேரம்' எனப்பட்டது.

அண்மையும் சேய்மையும்

மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் வான்வழியே ஏறத்தாழ 417 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தின் பலாலியோ 355 கிலோமீட்டர் அளவே. சென்னைக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் அண்மையானது என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஆயினும் போர்க்காலத்திலும் அதன் பின்னும் பல்லாண்டுகள் யாழ்ப்பாணத்தவர் கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வடக்கே தரைவழியில் திரும்ப வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நோய்த்தொற்றுக் காலத்தில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. எந்தக் கணிதச் சூத்திரமும் தாராத தடைகள் இவை. அதே 2019இல் சில மாதங்கள் பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டபோது, தில்லியிலிருந்து மேற்கே சென்ற விமானங்கள் அரபிக்கடல் வழியாகச் சுற்றிச் செல்ல நேர்ந்ததும் இத்தகையதே.

இனி, நாவலூரிலிருந்து மதுரைக்குச் செல்பவர் ஒருவரைப் பின்தொடர்வோம். விமானம் பறப்பது ஒன்றேகால் மணி நேரம். அதற்குமுன் நிலையம் சேர ஒரு மணி, சோதனைகளுக்காக முன்கூட்டிச் சென்று காத்திருப்பது ஒன்றரை மணி முதல் இரண்டு மணி, இறங்கியபின் பெட்டியைப் பெற்று நகருக்குள் செல்ல முக்கால் மணி. ஆக, ஐந்து மணி நேரம். வண்டலூர்ச் சாலை வழியே தாம்பரம் சென்று தொடர்வண்டி ஏறுபவருக்கு எட்டரை மணி ஆகலாம். பறத்தலும் ஓடுதலும் மட்டும் ஒப்பிட்டால் ஆறு மணி வேறுபாடு தெரிகிறது. வாசலிலிருந்து வாசல்வரை பார்த்தால் அது மூன்றரை மணியாகச் சுருங்கிவிடுகிறது. விமானம் மிச்சப்படுத்தியதில் பாதியளவைத் தரை திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

சில வேளைகளில் தரை முழுவதையுமே பெற்றுக்கொள்ளும். 2015 டிசம்பர்ப் பெருமழையில் அடையாறு கரைபுரண்டு, அதன்மேல் பாலமிட்டு நீட்டப்பட்ட ஓடுபாதையும் நிலையமும் வெள்ளத்தில் ஆழ்ந்தபோது, பல நாள்கள் மீனம்பாக்கத்திலிருந்து எவரும் பறக்க முடியவில்லை. அரக்கோணத்திலுள்ள கடற்படை வானூர்தித் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயக்கப்பட்டன. காஞ்சிபுரத்தை அடுத்த பரந்தூரில் சென்னையின் இரண்டாம் விமான நிலையத்தை அமைக்க 2022இல் இடம் தெரிவு செய்யப்பட்டது. நாவலூருக்கு அது மீனம்பாக்கத்தைவிட ஏறத்தாழ மும்மடங்கு தொலைவு. ஏகனாபுரம் முதலிய ஊர்களின் உழவர்களுக்கோ சிக்கல் தொலைவன்று. வயல்களும் ஏரிகளும் ஓடுபாதையாகிவிடும் என்பதால் அவர்கள் எதிர்த்து வருகின்றனர். வானத்துப் பயணத்தின் கணக்கில் நிலத்தின் விலையும் சேர்கிறது.

நிமிடங்கள் உயிராகும் பயணமும் ஒன்றுண்டு. மூளைச்சாவு அடைந்தவரின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட இதயம், குளிர்நிலையில் ஏறத்தாழ நான்கு மணி நேரமே பயன்படும் நிலையில் இருக்கும். 2008ஆம் ஆண்டு செப்டம்பரில், திருக்கழுக்குன்றம் அருகே விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒரு சிறுவனின் இதயத்தைப் பெற்றோர் கொடையளித்தனர். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர்வரை காவல்துறையினர் சாலைச் சந்திப்புகளை வெறுமையாக்கி வழிவிட, வழக்கமாக முக்கால் மணி நேரம் ஆகும் பாதையை ஊர்தி கால் மணிக்குள் கடந்தது. தமிழ்நாட்டின் உறுப்புக்கொடை இயக்கத்திற்கு அந்நிகழ்வு பெரும் ஊக்கமாயிற்று. இன்று பிற நகரங்களிலிருந்தும் உறுப்புகள் விமானத்தில் சென்னைக்கு வருகின்றன. மதுரையிலிருந்து ஓர் இதயம் புறப்பட்டால், மருத்துவமனையிலிருந்து நிலையம் சேர அரை மணி, வான்வழி ஒன்றேகால் மணி. நான்கு மணியில் எஞ்சுவது இரண்டேகால் மணி. இதயத்தைப் பொருத்தி மீண்டும் துடிக்கச் செய்யும் நேரமும் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே விமானம் இறங்குமுன்பே மீனம்பாக்கத்திலிருந்து மருத்துவமனை வாசல்வரை ஒவ்வொரு சந்திப்பிலும் காவலர் நின்றுகொண்டிருப்பர்.